மாலை கழற்றிய பிறகு

கந்தப்பளையில் குடியை நிறுத்தக்கூடியவர்கள் யார் யார் என்று தெரிய வேண்டுமானால் கார்த்திகை மாதம் வந்து பாருங்கள். போன சம்பள நாளில் தவறணை வாசலில் நின்றவர், கழுத்தில் துளசி மாலையும் இடுப்பில் கறுப்பு வேட்டியுமாக, விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வருகிறார். 6,000 அடிக்கு மேலே இருக்கிற ஊரில் அந்த நேரத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாராயம் இல்லை, பீடி இல்லை, இறைச்சி இல்லை. சபரிமலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிறார். அடுத்த சம்பளத்துக்குள் பலர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இதைப் பார்த்து லயத்தில் இரண்டு தீர்ப்பு சொல்வார்கள். "நெனச்சா விடத் தெரியுதில்ல, அப்ப இது திமிரு" என்பது ஒன்று. "அவன் புத்தி அவ்வளவுதான்" என்பது மற்றது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. குடியை நிறுத்துவது ஒரு வேலை, நிறுத்திய நிலையில் இருப்பது வேறொரு வேலை. முதல் வேலைக்குப் பலருக்கு மனஉறுதி போதும். இரண்டாவது வேலை, அவரைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மாலை போட்ட நாட்களில் அவரைச் சுற்றி மாறுவதை எண்ணிப் பாருங்கள். சொந்தப் பிள்ளையே "சாமி" என்று கூப்பிடுகிறது. கணக்கப்பிள்ளை குரலை இறக்கிப் பேசுகிறார். சாயங்காலம் போவதற்குக் கோயில் இருக்கிறது, பஜனை இருக்கிறது, கூட இருப்பவர்களும் குடிக்காதவர்கள். பழைய கூட்டாளி கிளாசை நீட்டப் பயப்படுகிறான், தெய்வ குற்றமாகிவிடும். கையில் காசு தங்குவதில்லை, யாத்திரைச் செலவுக்கு என்று குருசாமியிடம் போய்விடுகிறது. மாலை கழன்ற மறுநாள் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. மனிதர் மட்டும் அதே மனிதர்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய விஷயமல்ல. வியட்நாம் போரின்போது அங்கிருந்த சாதாரண அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தார். 1971இல் இது தெரிய வந்தபோது, இவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று வாஷிங்டன் கலங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பியவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார். அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் 100க்கு 5 பேர் அளவுதான். முதலில் பலர் இந்தக் கணக்கை நம்பவே இல்லை. காரணம் பெரிய ரகசியம் அல்ல. போர், பயம், சலிப்பு, மலிவாகக் கிடைத்த தூள், சேர்ந்து போட்ட கூட்டாளிகள் எல்லாம் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தங்கிவிட்டன. நம் ஊர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் திரும்பி வருவதும் அதே லயத்துக்குத்தான்.

மூளைக்குள் நடப்பது

பசிக்குச் சாப்பிட்டால், தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால், பிள்ளை சிரித்தால் நமக்கு நிறைவாக இருக்கிறதல்லவா? "இது நல்லது, மறுபடி செய்" என்று குறித்துவைக்கும் ஒரு பகுதி மூளையில் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் ரசாயனங்களில் முக்கியமானது டோபமின். சாராயமும் புகையிலையும் கஞ்சாவும் ஹெரோயினும் ஐஸ் என்ற போதைப்பொருளும் வெவ்வேறு வழியில் போனாலும் கடைசியில் அந்தப் பகுதியைத்தான் தூண்டிவிடுகின்றன. சோறும் சிரிப்பும் தரும் அளவைவிடப் பல மடங்கு, அதுவும் சில நிமிடங்களில்.

திரும்பத் திரும்ப இது நடந்தால் மூளை தன்னைத் தற்காத்துக்கொள்கிறது. தூண்டுதலுக்கு மசிவதைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் நேற்று ஒரு கிளாசுக்கு வந்த மயக்கம் இன்று மூன்று கிளாசுக்குத்தான் வருகிறது. சாதாரண சந்தோஷங்களும் சப்பென்று ஆகிவிடுகின்றன. பிள்ளையின் பரிசளிப்பு விழாவுக்கு வந்து கல்லாக உட்கார்ந்திருக்கும் தகப்பனைப் பார்த்து "பாசமே இல்லை" என்று சொல்கிறோம். பாசம் இருக்கலாம். அதை உணரவேண்டிய இடம் தேய்ந்திருக்கிறது. விட்ட பிறகு அது தேறி வரப் பல மாதம் ஆகும்.

இன்னொன்றையும் மூளை செய்கிறது. போதை வந்தபோது பக்கத்தில் என்ன இருந்ததோ அதையும் சேர்த்துப் பதிந்துவைக்கிறது. சம்பள நாள், மாலை நேரத்து மூடுபனி, ஒரு குறிப்பிட்ட ஆட்டோவின் சத்தம், நாலு பேர் சீட்டாடும் மதகு. ஆறு மாதம் விட்டிருந்தவருக்கும் அந்த மதகைத் தாண்டும்போது வாயூறும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது அவர் கேட்டு வருவதில்லை.

ஏன் இங்கே

குளிர்தான் காரணம் என்பது எல்லாரும் சொல்வது. உடம்பு வலி என்பது அடுத்தது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் சாராயம் உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு இரத்தத்தை ஓடவிட்டுச் சூடு வந்தது போலக் காட்டுகிறது, உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றிவிடுகிறது. குளிருக்குக் குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடப்பவருக்கு ஆபத்து அதனால்தான் அதிகம்.

உண்மையான காரணங்களைத் தேடினால் நேரத்தில் தொடங்க வேண்டும். தோட்டத்தில் ஆண்களுக்குக் கவ்வாத்து, முள்ளுக்குத்து, மருந்தடி என்று கொடுக்கும் வேலை அளவு வேலை. சுறுசுறுப்பானவர் நடுப்பகலோடு முடித்துவிடுவார். பெண்களோ காலைப் பிரட்டுக்களத்திலிருந்து மாலைக் கொழுந்து நிறுவை வரை மலையில் நிற்கிறார்கள். ஆகவே பகல் ஒரு மணிக்குப் பிறகு லயத்தில் இருப்பது வேலை முடிந்த ஆண்களும் வேலையில்லாத இளைஞர்களும். அவர்களுக்குப் போக இடம் வேண்டாமா? பெரும்பாலான தோட்டங்களில் வாசிகசாலை என்றால் பூட்டிய கதவு. விளையாட்டு மைதானம் மழை பெய்தால் சேறு. வீடு என்பது பழைய லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, அதற்குள் மூன்று தலைமுறை. அந்த நாலு மணி நேரத்துக்கு உள்ளூரில் தயாராக இருக்கும் ஒரே ஏற்பாடு போத்தல்தான்.

அடுத்தது காசு வரும் விதம். கந்தப்பளை தேயிலைக்கு மட்டும் உரிய ஊரல்ல. லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு விளைகிற ஊர். தோட்டத்துச் சம்பளம் மாதம் ஒருமுறை வருகிறது, காய்கறித் தோட்டத்துக் கூலியும் லொறிக்கு மூட்டை ஏற்றும் கூலியும் அன்றன்றைக்குக் கைக்கு வருகின்றன. சில இடங்களில் வேலை முடிந்ததும் காசோடு ஒரு கால் போத்தலும் வரும், அதை உபசாரம் என்றே இரு தரப்பும் நினைக்கிறார்கள். அன்றாடக் காசு அன்றே செலவாகிறது. ஏழைகள் சேமிக்கத் தெரியாதவர்கள் என்று இதை விளக்குகிறவர்கள் உண்டு. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தவர்கள் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். சேமிக்க என்ன மிஞ்சும் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, விற்பவர்கள். இவர்களை நாம் மறந்துவிடுகிறோம். பிரித்தானியர் காலத்தில் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. அரசாங்கத்தின் பெரிய வருமானங்களில் அதுவும் ஒன்று. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது தவறணைகளும் கூடவே பெருகின. தென்னிந்தியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் வரும்போதே குடிகாரர்களாக வந்தார்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு. வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில் கடையைக் கொண்டுபோய் வைத்தார்கள் என்பதே சரித்திரம். இன்றைக்கும் அது பழங்கதை ஆகிவிடவில்லை. 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியான பட்டியலில், அந்த ஒரே ஆண்டில் 300க்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்டது தெரிந்தது. அரசியல் சலுகையாகக் கொடுக்கப்பட்டவை என்ற குற்றச்சாட்டும் கூடவே எழுந்தது.

வெற்றிலையிலிருந்து ஐஸ் வரை

பலருக்கு முதல் போதை பாட்டியின் வெற்றிலைப் பையிலிருந்து வருகிறது. பாக்கிலுள்ள அரெகொலின் ஒரு தூண்டும் பொருள், புகையிலையில் நிக்கொட்டின். பசியை மறக்கச் செய்யும், வாயைச் சூடாக வைக்கும், அட்டை ஏறினால் துப்பவும் உதவும். மலையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு இதில் குற்றம் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல், புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். தோட்டத் தொழிலாளர்கள் அதில் முன்வரிசை ஆபத்தில் இருப்பவர்கள். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம், இரண்டு வாரத்தில் ஆறாத புண். இதில் எது இருந்தாலும் பல் டொக்டரிடம் காட்ட வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

பாக்கெட்டில் வரும் மெல்லும் புகையிலைப் பொருட்களை 2016 செப்டெம்பரில் இலங்கை தடைசெய்தது. இருந்தும் பாபுல், மாவா என்ற பெயர்களில் பாக்குக் கலவைகள் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளின் சட்டைப் பைக்கு வந்து சேர்கின்றன. மதன மோதகம் என்ற லேகிய உருண்டையும் அப்படித்தான். ஆயுர்வேதப் பெயர் இருக்கிறது, உள்ளே கஞ்சா இருக்கிறது. இனிப்பாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

பெரியவர்கள் பக்கத்தில் சாராயம். 2022 நெருக்கடிக்குப் பிறகு வரிகள் ஏறி, 750 மில்லிலீற்றர் போத்தல் மூவாயிரம் ரூபாவைத் தாண்டியது. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அப்போது இரண்டு நாள் சம்பளம் கொடுத்தாலும் ஒரு போத்தலுக்குப் போதவில்லை. விலை ஏறினால் குடி குறையும் என்பது உலகெங்கும் நிரூபிக்கப்பட்ட உண்மைதான், பக்கத்தில் மலிவான மாற்று இல்லாத வரைக்கும். இங்கே அந்த மாற்று, கள்ளமாகக் காய்ச்சும் கசிப்பு, ஓடைக்கரையில் இருக்கிறது. மானாப்புல் மறைவில் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், உள்ளே நுரைத்து நிற்கும் கோடா என்ற ஊறல். தோட்டத்தில் கைக்கெட்டும் யூரியாவை நொதி வேகத்துக்குப் போடுகிறார்கள், அதுவும் சாராயமும் சேர்ந்து காயும்போது புற்றுநோய்க்கு வழிவைக்கும் ஒரு பொருள் உண்டாகிறது. உடனடி ஆபத்து வேறு. சீனியில் காய்ச்சிய கசிப்பில் மெதனோல் அதிகம் இருக்காது, காரம் கூட்டத் தொழிற்சாலை ஸ்பிரிட்டைக் கலந்தால்தான் அது வந்து சேரும். குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துக் கண் மங்கினால், பனி பெய்வது போலத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தூங்கினால் தெளிந்துவிடும் என்று விட்டால் பார்வை போகும், உயிரும் போகும்.

இளைஞர்கள் பக்கம் கதை மாறிவிட்டது. கொழும்பில் கடை வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போன பையன்கள் தீபாவளிக்கும் தேருக்கும் வருகிறார்கள். காய்கறி லொறிகள் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இரவில் ஓடித் திரும்புகின்றன, தூக்கம் விழித்து ஓட்ட வேண்டும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த காலக் கூட்டம். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைப் பருவம், அட்டன் வழியாகப் போகும் வாகனங்களில் பொலிசார் மோப்ப நாயோடு ஏறுவது வருடாவருடம் செய்தி. வெல்லவாய, தணமல்வில பக்கத்துக் கஞ்சாவும், வடகடல் வழியாக வரும் கேரள கஞ்சாவும், ஆழ்கடல் படகுகளில் வரும் ஹெரோயினும் ஐஸும் இந்தப் பாதைகளில்தான் மேலே ஏறுகின்றன. வலி மாத்திரைகளும் உண்டு. நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின் கைமாறிக் கைமாறிப் போதையாகிவிட்டது.

ஐஸ் என்பது மெத்தம்பெற்றமைன். சாராயமும் ஹெரோயினும் மூளையைத் தூங்கப் பண்ணினால் இது தூங்கவிடாமல் பண்ணும். டோபமினை வெள்ளமாகத் திறந்துவிட்டு, அரை நாளுக்கு மேலும் நிறுத்திவைக்கும். பசி எடுக்காது, களைப்பு தெரியாது. இரவு முழுக்க லொறி ஓட்டுபவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் முதலில் அது மருந்து போலவே தோன்றும். "போட்டா ரெண்டு ஆள் வேலை செய்யலாம்" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். பிறகு இரண்டு நாள், மூன்று நாள் தூக்கமில்லை. யாரோ பின்தொடர்கிறார்கள், மனைவி விஷம் வைக்கிறாள், சுவருக்குள் ஆள் பேசுகிறது என்று தோன்ற ஆரம்பிக்கும். கன்னம் ஒட்டிப் பல் உதிரும். பாக்கெட் வாங்கக் காசில்லாத பையனிடம் "பத்துப் பேருக்கு வித்துக் கொடு, ஒனக்கு ஒண்ணு சும்மா" என்கிறார்கள். பிடிபடுகிற சில்லறை வியாபாரிகளில் பலர் இப்படி விற்பவராக்கப்பட்ட நோயாளிகள்.

என் அபிப்பிராயம் இது: ஐஸைக் கண்டு அலறும் நாம் சாராயத்தைக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஊற்றுகிறோம். தலைவலித்தால் ஒன்று, துக்கமென்றால் ஒன்று, சந்தோஷமென்றால் இரண்டு என்று பிள்ளை கண்முன்னே பழக்கிவிட்டு, அவன் வேறொன்றை எடுக்கும்போது மட்டும் அதிர்ச்சியடைகிறோம். எண்ணிக்கையில் பார்த்தால் நம் லயங்களில் இன்றுவரை அதிகக் குடும்பங்களைக் கெடுத்தது ஐஸ் அல்ல.

வீட்டில் விழும் அடி

பெண்களுக்குச் சமசம்பளம் 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வந்தது. ஆனால் பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே போய் வாங்கும் வழக்கம் அதற்கப்புறமும் நீடித்தது. உழைத்தவள் கைக்கு வருமுன் கடைக்கடன் கழிந்துவிடும். இன்று சம்பளம் வங்கிக்குப் போகிற இடங்களிலும் அட்டையும் இரகசிய எண்ணும் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. குடி எங்கே குடும்பத்தைத் தின்கிறது என்று பார்க்க ஈரலை ஆராய வேண்டியதில்லை, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் போதும். 2016 கணக்கெடுப்பில் நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் 17.3 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், தோட்டங்களில் 31.7 சதவீதம். இதற்குக் குடி ஒன்றே காரணமென்று சொல்வது அநியாயம். தாயின் சத்துக்குறைவும் சுத்தமான தண்ணீரும் கழிப்பறையும் இதில் இருக்கின்றன. ஆனால் முட்டைக்கும் பாலுக்கும் உரிய காசு எங்கே போனது என்பதும் இருக்கிறது.

அடி, உதை, இரவில் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்கு ஓடுவது இவை எல்லாருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். 1995 வாக்கில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகின் முன்னணியில் இருந்தது, மிகப் பெரும்பாலும் பூச்சிமருந்தால். மிகக் கொடிய மருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தபின் அந்த வீதம் பெருமளவு இறங்கியது. இங்கே மரக்கறிச் செய்கையால் மருந்துப் போத்தல் வீட்டுக்கு வீடு இருக்கிறது. குடித்துவிட்டுச் சண்டை போட்ட இரவின் கோபம் விடிந்தால் அடங்கிவிடும், அதுவரை மருந்து கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். மருந்தை வீட்டுக்கு வெளியே பூட்டிவைப்பது ஒரு சின்ன வேலை.

திடீரென்று நிறுத்தினால்

இந்தப் பகுதியைக் குடும்பத்தார் கவனமாகப் படிக்க வேண்டும். பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர், மாலை போட்டோ, சத்தியம் செய்தோ, அறையில் பூட்டிவைக்கப்பட்டோ ஒரே நாளில் நிறுத்தினால் அது ஆபத்தாகலாம். முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும், வாந்தி வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நாலாம் நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆட்களைப் பார்ப்பார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், காய்ச்சல் அடிக்கும். நம் பக்கத்தில் இதைப் பேய் பிடித்தது என்றோ விரதத்தில் தீட்டுப்பட்டது என்றோ சொல்லிக் கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். உடுக்கடிக்கும் அந்த இரவுதான் அவர் வைத்தியசாலையில் இருக்க வேண்டிய இரவு. மூளை பல வருடம் சாராயத்தின் அழுத்தத்துக்கு எதிராகத் தன்னை முறுக்கிவைத்திருந்தது, அழுத்தம் திடீரென்று போனதும் கட்டுமீறுகிறது. கவனிக்காவிட்டால் இறக்கவும் கூடும். வார்டில் இதற்கு மருந்து உண்டு. சில நாள் அமைதிப்படுத்தும் மாத்திரையை அளவு குறைத்துக் குறைத்துக் கொடுப்பார்கள், கூடவே பி1 விற்றமின். ஹெரோயினை நிறுத்தினால் வரும் உடம்பு முறிவும் பேதியும் பெரும்பாடு, ஆனால் வழக்கமாக உயிரைக் கொல்லாது. சாராயம்தான் இந்த விஷயத்தில் மோசமானது.

சில வீடுகளில் சோற்றில் கலக்கும் மருந்து என்று ஒன்று உண்டு. டைசல்பிராம் மாத்திரை. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுப்பார். டொக்டர் சொல்லி, நோயாளி தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட்டால் பலருக்கு உதவுகிறது. தெரியாமல் கலந்து கொடுத்தால், அவர் குடித்த அன்று இரத்த அழுத்தம் இறங்கி மாரடைப்பு வரையிலும் போகலாம். மனைவியின் தவிப்பு புரிகிறது, ஆனாலும் அதைச் செய்யக்கூடாது.

சட்டமும் சிகிச்சையும்

அபாயகர ஒளடதங்கள் பற்றிய நம் அடிப்படைச் சட்டம் 1929ஆம் ஆண்டினது. 1984இல் அதைத் திருத்தி, 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றார்கள். 2022இல் ஐஸும் சேர்ந்தது, அதற்கு அளவு 5 கிராம். 1976க்குப் பிறகு இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால் இது நடைமுறையில் சாகும்வரை சிறை. 2023 டிசம்பரில் தொடங்கிய, போதைப்பொருளுக்கு எதிரான யுக்திய நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் பிடிபட்டார்கள். ஏற்கெனவே நிரம்பி வழிந்த சிறைகளில் போதைக் குற்றத்துக்காக இருப்பவர்களே பெரும் பங்கு. அங்கே சிறு பாக்கெட்டோடு போகும் தோட்டத்துப் பையன் பெரிய வியாபாரியோடு பழகித் திரும்புகிறான். பிடிப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

சிகிச்சைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம். அதன்படி நீதிமன்ற உத்தரவில் கட்டாயமாகவும் அனுப்பலாம், தானே விரும்பியும் சேரலாம். புனர்வாழ்வு என்றாலே கந்தக்காடு முகாம் ஞாபகத்துக்கு வந்து பயப்படுகிறவர்கள் பலர். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்து, கலவரமாகி, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை எல்லாரும் பார்த்தோம். ஆனால் விரும்பிச் சேரும் சிகிச்சை அது அல்ல. 1984இல் உருவான தேசிய அபாயகர ஒளடதக் கட்டுப்பாட்டுச் சபை கண்டியிலும் ஒரு சிகிச்சை நிலையம் நடத்துகிறது. அதன் ஆலோசனைத் தொலைபேசி 1927. அதற்கும் முன்னால் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலக் கிளினிக் இருக்கிறது, கந்தப்பளையிலிருந்து ஒரே பஸ். பொலிஸ் வழியாகப் போக வேண்டியதில்லை. மொழி ஒரு பெரிய தடை, அதை மறைப்பதில் பயனில்லை. மனசிலுள்ளதை அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி ஆலோசனை பெற முடியாது. தமிழ் பேசும் உத்தியோகத்தர் எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் சம்பளம் மிஞ்சும்.

டொக்டரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். கால் போத்தல் என்று சொல்லிவிட்டு உண்மையில் ஒன்றரைப் போத்தல் குடிப்பவருக்கு, கால் போத்தலுக்குரிய மாத்திரை கொடுத்தால் வலிப்பைத் தடுக்காது. வார்டிலிருந்து வந்த பிறகு முதல் சம்பள நாளுக்கு முன்பே வீட்டில் பேசிவைக்க வேண்டியவை உண்டு: அட்டை யாரிடம், பகல் ஒரு மணிக்குப் பிறகு எங்கே, கூட்டாளி வந்து கூப்பிட்டால் என்ன சொல்வது. மீண்டும் ஒருநாள் குடித்துவிட்டால் சிகிச்சை தோற்றது என்று அர்த்தமில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஏறி இறங்குவது போல இதுவும் ஏறி இறங்கும். அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் மறுநாளே போகலாம்.

தூள், அதாவது ஹெரோயின், போட்டவர் விஷயத்தில் மட்டும் ஒன்று கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். சிறையிலோ முகாமிலோ சில மாதம் போதையில்லாமல் இருந்து திரும்புபவரின் உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. அவர் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுபோகலாம். வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் இந்த ஆபத்து மிக அதிகம். எழுப்பினால் எழும்பாமல், குறட்டை போல இழுத்து இழுத்து மூச்சுவிட்டு, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தால், தூங்குகிறார் என்று விடாதீர்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயில் இருப்பதைத் துடைத்துவிட்டு, 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். காசு கேட்க மாட்டார்கள். அம்புலன்ஸ் மேலே ஏறி வர நேரம் எடுக்கும், ஆகவே எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வளைவில் ஆள் நிற்கிறார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்ன போட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.